மணற்கல் பங்களாவுக்குச் சிமெண்ட் ஏன் ஆகாது?

பழைய மணற்கல் பங்களாவைப் பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் கை வைப்பது கல் இடுக்கில்தான். உதிர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆண்டுகள் போகப் போக, இடுக்கிலிருக்கும் சிமெண்ட் அப்படியே நிற்க, சுற்றியுள்ள கல் அரித்து உள்வாங்கிச் சுவரே தேன்கூடு மாதிரி ஆகிவிடும்.

மணற்கல்லில் மணல் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது சிலிக்கா, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம், களிமண், இரும்பு ஆக்சைடு போன்றவை. துகள்களுக்கு நடுவே நுண்துளைகள் உண்டு. மழையில் ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் வெளியே விடும். கட்டியவர்களுக்கு இது தெரியும். வெளிமுகத்தில் செதுக்கிய கல், உள்முகத்தில் முரட்டுக் கல், நடுவில் சுண்ணாம்பும் கல் சில்லும், இரு முகங்களையும் பிணைக்க ஆங்காங்கே குறுக்குக் கற்கள் என்று 450 முதல் 600 மி.மீ. கனத்தில் சுவர் எழுப்பினார்கள். கல்லைவிட மெத்தென்ற சுண்ணாம்பு இடுக்குதான் ஈரம் வெளியேறும் வழி. அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் போக வேண்டும். கரைந்த உப்பும் கூடவே வரும். மேல்தோலுக்குச் சற்று உள்ளே அந்த உப்பு படிகமாகும்போது கல்லை உடைத்துத் தள்ளுகிறது.

பழைய சாந்தை எடுக்கும் ஆழம், இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்காவது வேண்டும். சாதாரணக் கட்டுமானத்தில் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். அகலமான இடுக்குக்கு மெல்லிய உளி, 3 மி.மீ. இடுக்குக்கு ரம்பத் தகடு. பிறகு தூசியைத் துடைத்து, முதல் நாளே சுவரை நனைக்க வேண்டும். நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, பருமனும் நுண்மையும் கலந்த, துகள்கள் கூர்முனையுள்ள மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு சேர்க்கலாம். மெல்லிய இடுக்குக்கு நுண்மணல். அழுத்தித் திணித்து, கட்டைவிரல் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பதம் வந்ததும் முரட்டுத் தூரிகையால் தட்ட வேண்டும். தேய்த்து மினுக்கினால் துளைகள் அடைபடும். ஒரு வாரமாவது சுவர்மேல் ஈரக் கோணிச்சாக்கு தொங்க வேண்டும். வேலையை முடித்த கையோடு சாக்கைக் கழற்றுவதுதான் சுண்ணாம்பு மாவாக உதிரப் பெரிய காரணம். பழியை மட்டும் சுண்ணாம்பு சுமக்கிறது! வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கல்லை மாற்றும்போது படிவு அடுக்கை, அதாவது மணல் படிந்து கல்லானபோது உண்டான ஏடுகளைப் பார்க்க வேண்டும். சுவரில் அடுக்குகள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அடுக்கின் முகம் வெளியே தெரியும்படி நிறுத்தினால், தோல் உரிவது போல ஏடு ஏடாகக் கழன்று விழும். வெளியே நீட்டி நிற்கும் கார்னிஸ் கல் மட்டும் விதிவிலக்கு: அதில் அடுக்குகள் செங்குத்தாக, சுவர் முகத்துக்குக் குறுக்கே ஓட வேண்டும். கல்லின் மூலையில் மட்டும் வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கற்களைப் பிணைக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்து உப்பியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைக்காமல் வெளியே ஒட்டுப்போடுவது வீண்.

மணல் பீச்சிச் சுத்தம் செய்வதும், அமிலம் ஊற்றுவதும் வேண்டாம். முன்னது மேல்தோலைக் கிழிக்கும், பின்னது கால்சைட்டைக் கரைத்து இரும்புக் கறையைக் கிளப்பும். தண்ணீர் ஒட்டாத சிலிக்கோன் பூச்சும் உள்ளிருக்கும் ஈரத்தையும் உப்பையும் சிறைப்படுத்துகிறது.

இதையெல்லாம்விட மலிவான வேலை ஒன்று உண்டு. ஜன்னலுக்கு அடியில் வெளியே நீட்டி நிற்கும் கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு காடி ஓடும், மழைநீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டுவதற்காக. பெயிண்டும் சாந்தும் அடைத்திருந்தால் மரக்குச்சியால் சுரண்டி எடுத்தாலே, அந்த ஜன்னலுக்குக் கீழுள்ள சுவரின் ஈரம் நன்றாகக் குறையும்.