கத்திரி வெயிலில் தண்ணீர் இல்லாத பேட்டரி

வேலூர் பக்கம் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீடுகளில், பேட்டரி மூடியைத் திருகி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது வழக்கமான வேலை. உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போகிறது? வெயிலில் ஆவியாவது கொஞ்சம்தான். சார்ஜ் முழுசாக ஏறிய பிறகும் உள்ளே வரும் மின்சாரம் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைத்து வெளியேற்றிவிடுகிறது. தண்ணீரை உடைக்க 1.23 வோல்ட் போதும். ஈயத் தகட்டில் வாயு உண்டாவது ரொம்ப மெதுவாக நடப்பதால்தான் அந்த பேட்டரி செல் 2 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கிறது.

இந்த 1.23 வோல்ட்தான் ஃப்ளோ பேட்டரிக்கும் தலைவலி. அதில் இரண்டு தொட்டிகளில், வழக்கமாகத் தண்ணீரில் கரைத்த, இரண்டு திரவங்கள் இருக்கும். பம்ப் வைத்து இரண்டையும் நடுவில் உள்ள செல்லுக்குள் ஓடவிட்டால், ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். சார்ஜ் ஏற்றும்போது அப்படியே தலைகீழ். தொட்டியைப் பெரிதாக்கினால் அதிக நேரம் கரண்ட் வரும் என்பதால், காட்பாடி மொட்டை மாடி சோலாரின் மதிய மின்சாரத்தை இரவுக்கு எடுத்துவைக்க இது பொருத்தமான அமைப்பு.

இப்போது புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வனேடியம் என்ற உலோகத்தைப் பயன்படுத்தும் வகை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980களில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு உருவாக்கியது. கந்தக அமிலத்தில் கரைத்த வனேடியம் ஊதா, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு நிறம் மாறும். அருமையான வேதியியல், ஆனால் 40 டிகிரி தாண்டினால் மஞ்சள் கரைசலிலிருந்து வனேடியம் ஆக்சைடு கசடாகப் படிய ஆரம்பிக்கும். நம்ம ஊர் கத்திரியில் 40 என்பது சாதாரணம். குளிர்விக்கலாம், அதற்கும் கரண்ட் வேண்டும்.

சரி, தண்ணீரையே விட்டுவிட்டால்? அசிட்டோநைட்ரைல் மாதிரியான கரிமக் கரைப்பான்கள் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிக வோல்ட்டில்தான் உடையும். 1988-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் ருத்தேனியம் என்ற அரிய உலோகத்தின் சேர்மத்தை அசிட்டோநைட்ரைலில் கரைத்து 2.6 வோல்ட் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் ருத்தேனியம் விலை கட்டுப்படியாகாது, கரைவதும் குறைவு.

இந்தக் கரைவதில்தான் சிக்கலே. 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி அளவுக்கு மொத்தத் திரவம், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1.6 மோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அளவு) வனேடியம், 1.26 வோல்ட் என்றால் கணக்குப்படி சுமார் 27 யூனிட் கிடைக்கும். தண்ணீரில்லாத கரைசலில் 2.5 வோல்ட் இருந்தும் அரை மோல்தான் கரைகிறது என்றால் கிடைப்பது 17 யூனிட்டுக்கும் கீழே. வோல்ட் இரண்டு மடங்கானாலும் நஷ்டம்தான்.

அதனால்தான் மூலக்கூற்றையே மாற்றிக் கட்டுகிறார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சூசன் ஓடம் குழு, ஃபீனோதையசீன் என்ற வளையச் சேர்மத்தில் ஈதர் வால் (ஆக்சிஜன் கலந்த கார்பன் சங்கிலி) ஒன்றை ஒட்டியதும் அது அறை வெப்பத்திலேயே திரவமாகி, கரைப்பானோடு எந்த அளவிலும் கலந்தது. ஆனால் எலக்ட்ரானை இழந்து சார்ஜ் ஏறிய வடிவம் அவ்வளவு கரைவதில்லை, பேட்டரிக்கு இரண்டு வடிவமும் கரைய வேண்டும்.

அப்புறம் ஆயுள். எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும் ரேடிகல். கரைப்பான், ஈரத் துளி, பக்கத்து மூலக்கூறு என எதன் மீதும் பாயும். ஃபீனோதையசீனில் கந்தகமும் நைட்ரஜனும் அந்தக் குறையை வளையம் முழுக்கப் பரப்பி சமாளிக்கின்றன. மற்ற சேர்மங்களில் பருமனான கிளைகளைச் சுற்றி நட்டு, வேலூர்க் கோட்டைக்கு அகழி மாதிரி, யாரும் கிட்டே வராமல் தடுக்கிறார்கள். கிளை கூடினால் எடையும் கூடும்.

வெயில் இங்கேயும் விடாது. சூடு ஏறினால் இந்தப் பக்க வினைகளும் வேகமாகும். அசிட்டோநைட்ரைல் ஆவி சில டிகிரி செல்சியஸிலேயே பொறி பட்டால் தீப்பிடிக்கக்கூடியது. அமிலம் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாததால் விலை உயர்ந்த உப்புகளையும் சேர்க்க வேண்டும்.

புதிய மூலக்கூறு பற்றிய செய்தி வந்தால் நான் முதலில் வோல்ட்டைப் பார்ப்பதில்லை. எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கினார்கள் என்பதும் போதாது, வேகமாக ஓட்டினால் நூறு முறை சில நாளில் முடிந்துவிடும். சோதனைகள் பெரும்பாலும் அறை வெப்பத்தில் நடக்கின்றன. நமக்கு வேண்டியது, சார்ஜ் ஏறிய திரவத்தை 45 டிகிரியில் ஒரு மாதம் சும்மா வைத்துவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று அளந்த கணக்கு.