துளிரிலும் சிவப்பு, பழுப்பிலும் சிவப்பு

குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறியதும் காடே ஒட்டுமொத்தமாக நிறம் மாறுகிறது. வெப்பமண்டலத் தோட்டத்தில் அப்படி எல்லா மரங்களுக்கும் பொதுவான ஒரு நேரம் கிடையாது. ஒரு மரம் வறட்சி வந்தால் இலையை உதிர்க்கும். இன்னொன்று வயதான இலைகளை மட்டும் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும். மாமரத்தில் ஒரு கிளை துளிர்விட்டிருக்க, அடுத்த கிளை கரும்பச்சையாக அப்படியே நிற்கும். இலை நிறம் மாறுவது எல்லா நாளும் ஏதோ ஒரு மூலையில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதுவும் இலையின் வாழ்க்கையில் இரண்டு முறை: பிறந்த புதிதில் ஒன்று, உதிரும் முன் ஒன்று.

முதல் மாற்றம்தான் எனக்கு அதிக வியப்பு. துளிர்விட்ட மாங்கிளையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைகள் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு வளர்ந்திருக்கும், ஆனால் துவண்டு தலைகீழாகத் தொங்கும். நிறம் செம்புத் தகடு மாதிரி. விரலால் பிடித்தால் ஈரத்துணிபோல் மென்மை, மடக்கினாலும் ஒடியாது. சில வாரங்களில் அதே இலை வெளிர்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகி, விறைத்து, காம்பில் நிமிர்ந்துவிடும். அசோக மரம், இலவங்கப்பட்டை மரம், கொக்கோ எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இலை பிறந்ததும் பச்சையாகி வேலையைத் தொடங்கினால் மரத்துக்கு லாபம்தானே, ஏன் இந்தத் தாமதம்? பூச்சிகள்தான் காரணம் என்பது வலுவான விளக்கம். வெப்பமண்டலத்தில் புழு பூச்சிகளுக்கு ஓய்வே இல்லை. ஓர் இலை தன் வாழ்நாளில் படும் கடியில் பெரும்பகுதி, அது இளசாக இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் விழுகிறது. முற்றிய இலையில் நார் ஏறிவிடும், கடிக்கக் கடினம். இளம் இலைக்கு அந்தக் காப்பு இல்லை. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய புரதங்களையோ மரம் நிறைய நைட்ரஜனைச் செலவழித்துத்தான் செய்ய வேண்டும். நாளைக்கே புழு தின்றுவிடக்கூடிய இலையில் அவற்றை எதற்கு நிரப்புவது? ஆகவே இலை முதலில் வேகமாக விரிகிறது, பிறகு தோல் தடிக்கிறது, கடைசியாகத்தான் பச்சையமும் புரதங்களும் நிரம்புகின்றன. இந்தத் 'தாமதப் பசுமை'யை தாமஸ் குர்சார், ஃபிலிஸ் கோலி என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் விரிவாக விளக்கினார்கள்.

அந்தச் செம்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. பச்சை, நீல ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்பும் நிறமி அது. இளம் இலையால் கடும் வெயிலை இன்னும் உணவாக மாற்ற முடியாது. பயன்படாத ஒளி ஆற்றல் ஆக்சிஜனோடு சேர்ந்தால் செல்லைச் சிதைக்கும். நிறமி அந்த வெயிலை ஓரளவு தடுக்கிறது. துவண்டு தொங்குவதும் இதற்கு உதவுகிறது: உச்சி வெயில் இலைப்பரப்பில் நேராக விழாது.

அப்புறம் முதுமை. பழுத்த இலை மஞ்சளாவதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மஞ்சள் தரும் கரோட்டினாய்டுகள் முதல் நாளிலிருந்தே பச்சையத்தின் அடியில் இருப்பவைதான். பச்சையம் போனதும் வெளியே தெரிகின்றன.

பச்சையம் ஏன் போக வேண்டும்? அதிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளத்தான் மரம் அதை உடைக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. நடப்பது வேறு. ஒரு பச்சைய மூலக்கூறில் நடுவே ஒரு மெக்னீசியம் அணு, சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். அந்த நான்கும் திரும்பிப் போவதில்லை. பச்சையம் நிறமற்ற சிறு மூலக்கூறுகளாக உடைந்து இலையிலேயே தங்கிவிடுகிறது. மரம் குறிவைப்பது பச்சையத்தைச் சுற்றியுள்ள புரதங்களை. இலையின் நைட்ரஜனில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. புரதத்தை மட்டும் உருவிக்கொண்டு பச்சையத்தை அப்படியே விட்டால், அது வெயிலை வாங்கி, கொடுக்க இடமில்லாமல் செல்லையே எரித்துவிடும். வீடு காலி செய்யும்போது முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தானே கம்பிகளைக் கழற்ற வேண்டும், அந்த மாதிரி. கழற்றிய நைட்ரஜன் காம்பு வழியாகத் தண்டுக்குப் போய், அடுத்த துளிருக்கு உதவும். பிறகு காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கு தளர்ந்து இலை விழுகிறது.

சில மரங்கள் இந்தக் கடைசிக் கட்டத்தில் மறுபடியும் ஆந்தோசயனினைச் செய்கின்றன. நாட்டு வாதுமை இதில் முதலிடம். சில இடங்களில் ஆண்டுக்கு இருமுறைகூட இலை முழுக்கச் சிவந்து உதிரும். விழப்போகிற இலைக்கு எதற்குப் புதுச் செலவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. சத்தைத் திருப்பி எடுக்கும் வேலை முடியும்வரை வெயிலிலிருந்து இலையைக் காக்கத்தான் என்ற கருத்து எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிவந்த இலைகளில் இதற்கு ஒரு தடயமும் உண்டு. மேலே இன்னொரு இலை மூடியிருந்த இடம் மட்டும், அந்த இலையின் வடிவத்திலேயே மஞ்சளாக நிற்கும். வெயில் படாத இடத்தில் சிவப்பு சரியாக உருவாவதில்லை.

எல்லாச் சிவப்பும் ஆந்தோசயனின் அல்ல. காகிதப்பூவின் வண்ண 'இதழ்கள்' உண்மையில் இலைகள்தான்; பூ என்பது நடுவே நிற்கும் சின்ன வெள்ளைக் குழாய். அந்த நிறத்தைத் தருவது பீட்டாலைன் என்ற வேறொரு நிறமி. சிவப்புத் தண்டுக்கீரையிலும் அதுவே. இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து கண்டறியப்பட்டதில்லை.

இத்தனையும் இயல்பான மாற்றங்கள். கவலைப்பட வேண்டிய மஞ்சளும் உண்டு, அதை இலை இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்துவிடலாம். நைட்ரஜனும் மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரும். பற்றாக்குறை வந்தால் செடி அடியிலுள்ள கிழ இலைகளிலிருந்து எடுத்து நுனிக்கு அனுப்பும், ஆகவே அடியிலைகள் முதலில் வெளுக்கும். நைட்ரஜன் குறைந்தால் இலை முழுக்க மஞ்சள். மெக்னீசியம் குறைந்தால் நரம்புகளுக்கு இடையே மட்டும். இரும்பு அப்படி எளிதில் நகராது. அது குறைந்தால் நுனிக்கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரியும். இட்லிப்பூச் செடியில் இதை அடிக்கடி காணலாம். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும்; மண் காரத்தன்மையாக இருப்பதால் வேருக்குக் கிடைக்காது. அப்போது உரத்தைக் கூட்டுவதைவிட மண்ணின் காரத்தைக் குறைப்பதுதான் வழி. தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலைகள் மஞ்சளாகும் என்பதால், முதலில் மண்ணைக் கிளறி ஈரத்தைப் பார்த்துவிடுங்கள்.