"பேரை மட்டும் சொல்லுங்க, போதும்"

நான் நூலகர். எங்கள் நூலகத்திலிருந்து ஒரு வாசகர் இரவல் வாங்கிப் போயிருந்தார்; காவல் நிலையச் சித்திரவதை பற்றிய புத்தகம் அது. "யார் எடுத்துட்டுப் போனாங்க? பேரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் மேலதிகாரி, கவுண்டரில் சாய்ந்து, சிரித்த முகத்தோடு. கையில் உத்தரவு எதுவும் இல்லை. "எழுத்தில் கொடுங்கள் சார்" என்றேன். சிரிப்பு நின்றது. எழுத்து வரவே இல்லை.

யாரும் என்னை மிரட்டவில்லை. விடுப்பு விண்ணப்பம் மேசை மேசையாக அலைந்தது. மாலைப் பணி மாதக்கணக்கில் எனக்கே விழுந்தது. நான் அறைக்குள் நுழைந்ததும் சக ஊழியர்கள் பேச்சை நிறுத்தியதுதான் அதிகம் வலித்தது.

இந்தத் தொழிலில் சிறைக்குப் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1972-இல், போர் எதிர்ப்பாளர்கள் மீதான வழக்கில் சாட்சி சொல்ல மறுத்த நூலகர் ஸோயா ஹார்ன் ஏறக்குறைய மூன்று வாரம் உள்ளே இருந்தார். ஓக்லஹோமாவின் பார்ட்லெஸ்வில் நூலகத்தில் முப்பது ஆண்டு உழைத்த ரூத் பிரவுனை 1950-இல் நீக்கினார்கள். கூடாத பத்திரிகைகளை வைத்திருந்தார் என்றார்கள். ஊரை உறுத்தியது கறுப்பின மக்களின் சம உரிமைக்காக அவர் நின்றது. என் மாலைப் பணிக்கும் 'ஆள் பற்றாக்குறை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

என்னை உலுக்கியது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில நூலகர்கள் நால்வருக்கு நேர்ந்ததுதான். 2005-இல் நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரம் கேட்டு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவர்களுக்குக் கடிதம் கொடுத்தது. கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது என்று வாய்ப்பூட்டு. வீட்டில்கூட மூச்சு விட முடியாது. தாங்கள் தொடுத்த வழக்கிலேயே பெயரை மறைத்து, வேறொரு ஊரில் பூட்டிய அறையில் உட்கார்ந்து விசாரணையைத் திரையில் பார்த்தார்கள். தடை விலகியது 2006-இல். நான்கு பேராக இருந்ததால்தான் தாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் புதிதாகச் சேருபவர்களிடம் முதலில் சொல்வது: தனியாகப் பதில் சொல்லாதீர்கள். யார் வந்து கேட்டால் யாரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு வையுங்கள். வாய்மொழியாகக் கேட்டதை அன்றைக்கே தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், புத்தகம் திரும்பியதும் இரவல் பதிவிலிருந்து வாசகர் பெயர் நீங்கும்படி மென்பொருளை அமையுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. சட்டப்படி உத்தரவு வந்த பிறகு அழித்தால் அதுவே குற்றமாகலாம். எனவே இது அன்றாட வழக்கமாகவே இருக்கட்டும்.

அந்தப் புத்தகம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர், "தேதி தாண்டிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்று சொல்லி வாங்கி வைத்தேன்.