ஒற்றை "ம்"மும் எட்டு மாதக் கோபமும்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் எனக்கு அடிக்கடி கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "இப்பத்தைச் சனத்துக்கு ஒண்டும் சொல்லேலாது, தொட்டதுக்கெல்லாம் கோவம்." இதை நான் முழுமையாக ஏற்பதில்லை. வீட்டுக்குள் வந்து முறையாகச் சொல்லாமல் படலையடியில் நின்று கலியாணக் கார்டை நீட்டினார்கள் என்பதற்காகப் பத்து ஆண்டுகள் நன்மை தீமைக்குப் போகாதிருந்த குடும்பங்கள் நம் ஊர்களில் எப்போதும் இருந்திருக்கின்றன. ஆனால் அன்று ஒரு செத்தவீட்டில் முகம் பார்க்க நேரும். பெரியம்மா ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவந்து தேத்தண்ணி கொடுத்து இருத்திவிடுவார். இன்று கைபேசிக்குள் தொடங்கும் கோபத்துக்கு அப்படியொரு இடம் வாய்ப்பதில்லை.

கோண்டாவிலில் தாயைப் பராமரிக்கும் ஒருவர் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்) தாயின் கண் சத்திரசிகிச்சை பற்றிக் கனடாவிலுள்ள தங்கைக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதியிருந்தார். வந்த பதில் "ம்". எட்டு மாதமாக இருவருக்கும் கதை பேச்சில்லை. "பாருங்கோ, ஒரு எழுத்து" என்று கைபேசியை என் பக்கம் திருப்பினார். கொப்பியின் நடுவில் கோடு கீறி, தங்கை எழுதியதை இடப்பக்கமும், அதிலிருந்து தாம் விளங்கிக்கொண்டதை வலப்பக்கமும் எழுதச் சொன்னேன். வலப்பக்கம் அடிவரை நிறைந்தது. இடப்பக்கத்தில் "ம்" மட்டும் நின்றது. அதைப் பார்த்தபடி அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர் அழைப்பெடுத்தபோதுதான், பத்தரை மணித்தியாலம் பின்தங்கிய ஊரில், இரவு வேலையின் இடைவேளையில், விடிந்ததும் அழைக்கலாம் என்று நினைத்துத் தங்கை அதை அனுப்பியது தெரியவந்தது.

2005இல் உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வொன்றில், தாம் மின்னஞ்சலில் எழுதியது கேலியா உண்மையா என்பதை வாசிப்பவர்கள் 78 வீதம் சரியாக அறிவார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். வாசித்தவர்கள் சரியாக அறிந்ததோ 56 வீதம், பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே அதிகம். குரலும் முகமும் இல்லாத இடத்தை, களைத்த மனம் தன் பழைய காயங்களைக் கொண்டே நிரப்பிக்கொள்கிறது.

எல்லாக் கோபத்தையும் இப்படி விளக்கிவிட முடியாது. மிதிவெடியில் காலை இழந்த ஒருவரை வேலையிடத்தில் பல ஆண்டுகளாகப் பகிடியாக "நொண்டியர்" என்றே அழைத்துவந்தார்கள். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று அவர் சொன்னதும், "உவருக்கு இப்ப ரோசம் வந்திட்டுது" என்றார்கள். கோபத்தைக் குறைக்கும்படி என்னிடம் அனுப்பியவர்களும் அவர்களே. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், சாதியின் பெயரால் தடுக்கப்பட்டு, உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்களையும் ஊரமைதியைக் குலைப்பவர்களாகத்தான் பலர் பார்த்தார்கள். நீண்ட காலம் பொறுத்திருந்தவர் வாய் திறக்கும்போது, அதுவரை பொறுக்க வேண்டியிராதவர்களுக்கு அது திடீர்க் கோபமாகத் தோன்றுகிறது.

என்னிடம் அனுப்பப்பட்டவரின் கோபத்தைக் குறைக்க நான் எதுவும் செய்யவில்லை. எந்தச் சொல் நோகிறது, தம்மை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை நடுங்காமல் சொல்வதற்கு மட்டும் இருவருமாகப் பலமுறை பழகிப் பார்த்தோம். மூன்றாம் தடவை வந்தபோது, பக்கத்து மேசைக்காரர் தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.