பிள்ளை தங்கவில்லை என்றால் தாய்க்குச் சோறு வேண்டாமா?

குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பெண்ணிடம் "நீ என்னத்தைத் தின்ன?" என்று கேட்காதீர்கள். மாமியார் கேட்க வேண்டாம், பெற்ற தாய் கேட்க வேண்டாம், துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அக்காவும் கேட்க வேண்டாம். இதையெல்லாம் எழுதித்தான் சொல்ல வேண்டுமா என்று நினைத்து இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருப்பதால், அந்தக் கேள்வி ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்பது என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. சென்ற வாரம் வந்தவரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முப்பது வயது ஆகவில்லை. மூத்த மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாவது கர்ப்பத்தில் எட்டாம் மாதம் பி.பி. எகிறி, நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து, குழந்தை இறந்துவிட்டது. ரத்தமும் ஏராளமாகப் போயிருக்கிறது. நான்கு மாதம் கழித்து, "அடுத்ததுக்கு உடம்பைத் தேத்தணும்" என்று மாமியாரே அழைத்து வந்திருந்தார். ஹீமோகுளோபின் 6.8. ஒரு மாடி ஏறினால் மூச்சு இரைக்கிறது. அந்த உடம்போடு விடியற்காலையில் எழுந்து மகளுக்கு டிபன் கட்டி, தலை பின்னி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் அவர் உட்காருகிறார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"என்னென்ன சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டதற்குப் பையிலிருந்து மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல். பப்பாளி - அத்தை. எள்ளுருண்டை - மேல்வீட்டு ஆச்சி. முட்டை - பெரியம்மா. அப்புறம் கருவாடு, முருங்கைக்கீரை, பேரீச்சை, கோழி, மாம்பழம், அன்னாசி என்று பக்கம் நிறைய. எதைச் சாப்பிடக் கூடாது, அதைச் சொன்னது யார் என்பதுவரை எழுதி வைத்திருந்தார். இரும்புச்சத்துக்காக நான் சொல்ல நினைத்த உணவுகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தில் தடையாகி இருந்தன.

"அஞ்சாம் மாசம் ரெண்டு துண்டு பப்பாளி சாப்பிட்டேன் மேடம்" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

சரி, இந்தப் பப்பாளியைப் பற்றிப் பேசித் தீர்த்துவிடுவோம். பச்சைப் பப்பாளிக் காயைக் கீறினால் வருகிற பாலுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உண்டு என்பது எலிகளிடம் செய்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதே ஆய்வுகளில் நன்றாகப் பழுத்த பழத்தைக் கொடுத்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. பழுக்கப் பழுக்க அந்தப் பால் குறைந்துவிடும். அதனால் கர்ப்பக் காலத்தில் பப்பாளிக்காய்க் கூட்டு வேண்டாம் என்று நாங்களும் சொல்கிறோம். பழுத்த பழத்தில் இரண்டு துண்டு தின்றதால் ஒரு குழந்தை சாகாது. அதுவும் ஐந்தாம் மாதம் தின்ற பழம் மூன்று மாதம் உள்ளே காத்திருந்து எட்டாம் மாதம் நஞ்சுக்கொடியைப் பிரிக்காது! எள்ளுருண்டையும் பிரிக்காது, மாம்பழமும் பிரிக்காது. கிரகணத்தன்று காய் நறுக்கினாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள் என்பதெல்லாம் பேசுவதற்கே தகுதியில்லாதவை.

ஆரம்ப மாதங்களில் கலைந்துபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உண்டாகும்போதே நடந்துவிடுகிற விஷயம் அது. தாய் எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் மாற்ற முடியாது. கடைசி மாதங்களில் இறப்பதற்குப் பி.பி., நஞ்சுக்கொடிக் கோளாறு, கட்டுக்குள் வராத சுகர், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு, குழந்தை சரியாக வளராதது, தொப்புள்கொடியில் சிக்கல் என்று பல காரணங்கள். எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாமல் போகிறவையும் கணிசம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 19 லட்சம் குழந்தைகள் ஏழு மாதத்துக்கு மேல் வயிற்றிலிருந்து இறந்து பிறப்பதாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. அத்தனை தாய்மாரும் பப்பாளி தின்றவர்களா?

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இறப்பதற்கு முன் இரண்டு நாள் விடாத தலைவலி. முகமும் கையும் வீங்கி, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லையாம். "பனி ஒத்துக்கல" என்று தைலம் தடவி விட்டிருக்கிறார்கள். பி.பி. எகிறியதன் அடையாளங்கள் அவை. வீடே அவர் தட்டைக் கண்காணித்ததே தவிர, முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

"அப்போ சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்பீர்கள். சுகரில் உண்டு. ஆனால் அதைப் பரிசோதனையில் பார்க்க வேண்டும், பட்டியலில் அல்ல. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தச் சோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பக் காலச் சர்க்கரை. வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திய முறை இது. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இதற்கான விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறோம். சோதனையைத் தட்டிக் கழித்துவிட்டு எள்ளுருண்டையைப் பிடுங்கி வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

இனி, குழந்தை போன பிறகு நடப்பது. உயிரோடு பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கோழிச் சாறு, பிரசவ லேகியம் என்று அம்மா வீட்டிலிருந்து தூக்கு தூக்காக வரும். குழந்தை தங்காதவளுக்கு ரசம் சோறு. ஒரு பாட்டி என்னிடமே கேட்டார்: "புள்ளையே இல்ல, பத்தியம் யாருக்கும்மா?" அவளுக்குத்தான் பாட்டி! அவளும் பத்து மாதச் சுமையில் முக்கால்வாசியைச் சுமந்தவள். அவள் ரத்தமும்தான் போயிருக்கிறது, அவள் கருப்பையும்தான் சுருங்கி ஆற வேண்டியிருக்கிறது. தையல் போட்டிருந்தால் அதற்கும் புரதம் வேண்டும்.

பால் கட்டுவதைப் பற்றி யாருமே அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்புவதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் பால் வரத்தான் செய்யும். குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது. பால் வற்றட்டும் என்று சோற்றையும் தண்ணீரையும் குறைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. பட்டினி போட்டால் பால் வற்றாது, தாய்தான் வற்றிப்போவாள். மல்லிகைப் பூ வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ந்து 1988-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஓரளவு பலன் தெரிந்தது, கட்டிக்கொள்ளுங்கள், தடையில்லை. கூடவே பொருத்தமான உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், கனம் தாங்காதபோது மட்டும் கொஞ்சமாகப் பீய்ச்சி விடுவது. பால் வற்ற மாத்திரை இருக்கிறது, பி.பி. இருந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். காய்ச்சலோடு மார்பு சிவந்தால் உடனே வர வேண்டும். தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்பும் அம்மாக்களும் உண்டு. அது அவர்கள் மனம். யாரும் வற்புறுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

வீட்டில் அந்தத் தாய் என்ன சாப்பிடுகிறார் என்று நேரம் வாரியாகக் கேட்டு எழுதினேன். எழுந்ததும் காபி. மகள் போன பிறகு, அவள் மிச்சம் வைத்த ஒன்றரை இட்லி. மூன்று மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, குழம்பில் காய் தீர்ந்திருக்கும், ரசமும் அப்பளமும். உடனே டீ. இரவில் மீந்துபோனது எதுவோ அது. இது துக்கத்தால் வந்த பழக்கம் இல்லை, கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான். நம் வீடுகளில் பெரும்பாலான அம்மாக்கள் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

6.8-ஐ உணவால் மட்டும் ஏற்ற முடியாது. உணவு ஆலோசகராக நானே சொல்கிறேன். அவருக்கு இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது; ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மாதுளை ஜூசுக்குச் செலவழிக்கும் காசில் முட்டை வாங்குங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டியது. "பிள்ளை இல்லையே" என்று நிறுத்துவதற்கில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். டீ, காபியோடு போட்டால் போட்டும் வீண். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். பருப்பு, கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய். ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மீன், கருவாடு சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். பி.பி. இருந்தவர்களுக்கு மட்டும் கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். அடுத்த கர்ப்பம் நின்ற பிறகு ஈரலை நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் கருவுக்கு நல்லதல்ல. சைவமா? கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள். ஆமாம், எள்ளும்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தாய் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. தட்டில் முதல் தடவையே காயும் முட்டையும் விழ வேண்டும். மகள் மிச்சம் வைத்த இட்லி தாயின் காலை உணவு அல்ல. ஒரு வேளையாவது கணவர் பரிமாறட்டும். அந்தச் சின்னப் பெண்ணும் தம்பிப் பாப்பாவை இழந்தவள்தான், அம்மா சாப்பிடாமல் இருப்பதை அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சிலர் இதற்கு நேர்மாறு. துக்கத்தில் பிஸ்கட்டும் முறுக்குமாகத் தின்று எடை ஏறி வருவார்கள். அவர்களை "வாயைக் கட்டு" என்று திட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் அது என் துறையைத் தாண்டியது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மனநல உதவி எண் 14416-க்கும் மருத்துவ உதவி எண் 104-க்கும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த குழந்தைக்கு அவசரப்படுத்தாதீர்கள். கருச்சிதைவுக்குப் பிறகே குறைந்தது ஆறு மாதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. எட்டு மாதம் சுமந்து இழந்தவளுக்கு எவ்வளவு என்பதை அவள் உடல்நிலை பார்த்து மருத்துவர் சொல்லட்டும், உறவினர்கள் அல்ல. ஃபோலிக் அமிலத்தை முயற்சி தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் குழந்தையின் தண்டுவடம் மூடிவிடுகிறது; அது சரியாக மூடத்தான் இந்த மாத்திரை. மாதவிலக்கு தள்ளிப்போனது தெரிந்து மாத்திரை வாங்கும்போது பாதி நேரம் போய்விட்டிருக்கும். இன்னொன்று, ஃபைலைத் தூக்கி எறியாதீர்கள். கண்ணில் படக் கூடாது என்று எரித்துவிட்டவர்கள்கூட உண்டு. பார்க்க முடியவில்லை என்றால் சித்தப்பா வீட்டில் கொடுத்து வையுங்கள். அடுத்த முறை என்ன மருந்து, எப்போதிலிருந்து என்று முடிவு செய்ய அந்தக் காகிதம்தான் எங்களுக்குத் துணை.

வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால் விடுப்பைக் கேட்டு வாங்குங்கள். 1961-இன் மகப்பேறு நலச் சட்டமே இறந்து பிறந்த குழந்தையையும் குழந்தை என்றுதான் கணக்கில் எடுத்தது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பும் அதில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. குழந்தைதான் இல்லையே என்று பத்தாம் நாளே வேலைக்கு வரச் சொல்கிற இடங்களுக்கு இது தெரிய வேண்டும்.

கடைசியாகக் கணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை இருந்தால் தடுப்பூசி போட ஆறாவது வாரம் தாயும் தானாக வந்துவிடுவாள். குழந்தை இல்லையென்றால் தடுப்பூசி அட்டையும் இல்லை, கூப்பிடுவதற்கு ஆளும் இல்லை. பி.பி. இறங்கியதா, சுகர் போனதா, ரத்தம் ஏறியதா என்று யாரும் பார்க்காமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன. டிஸ்சார்ஜ் அன்றே அந்த ஆறாவது வாரத் தேதியைக் காலண்டரில் குறித்து, நீங்களே அழைத்து வாருங்கள். பச்சைக் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் காத்திருக்க மனம் வராமல்தான் பலர் வருவதில்லை. முன்கூட்டியே சொன்னால் தனியாக உட்கார வைத்து முதலில் பார்த்து அனுப்பலாம். என் சக ஊழியர்களுக்கும் சொல்கிறேன்: ஃபைலின் மேலட்டையிலேயே ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். எடை பார்க்கும் மேசையில் ஒருவர், ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒருவர் என்று "பாப்பா எங்கம்மா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.