உப்புக்கண்டம் வைத்த பேரீச்சை ஏன் கூடுதலாக இனிக்கிறது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் வளைகுடாவிலிருந்து வந்த பேரீச்சம்பழம் நிறையச் சேர்ந்துவிட்டதாம். கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிய ஆட்டு உப்புக்கண்டத்தைத் திணித்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சூடுகாட்டி, நோன்பு திறக்க வைத்திருக்கிறார். "சீனி கொஞ்சம்கூடப் போடலை. ஆனா பழத்தைத் தனியாத் தின்னதைவிட இதுதான் இனிப்பா இருக்குன்னு உம்மா சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தெரியுது. கறியில இருக்கிறது உப்புதானே, அது எப்படி இனிப்பைக் கூட்டும்?"

உம்மாவின் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது. இத்தாலியில் உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறியை மெல்லிதாகச் சீவி, அத்திப்பழத்தோடும் முலாம்பழத்தோடும் சாப்பிடுவதும் இதே சுவைக்காகத்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராமேஸ்வரம் கடற்கரையில் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறவருக்கும், பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடுகிற அம்மாவுக்கும் இது தெரியும்.

உப்புக்கண்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். உப்பும் மஞ்சளும் தடவிய கறித் துண்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டால் மிச்ச நீரும் போய்விடும். கெடுக்க வருகிற பாக்டீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, அதனால் கறி மாதக்கணக்கில் நிற்கிறது. வாலிநோக்கம் உப்பளத்து உப்பும் ராமநாதபுரத்து வெயிலும் இருக்கிற ஊரில் இதற்கு வேறென்ன வேண்டும்?

சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இனிப்பை உணரும் நாக்கு செல்லுக்குள் ஒரு மின்வாசல் இருக்கிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகப் போக அது இன்னும் தாராளமாகத் திறக்கிறது என்று 2005இல் காட்டினார்கள். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதும், வெதுவெதுப்பான பேரீச்சை கூடுதலாக இனிப்பதும் அதனால்தான்.

இனி உப்புக்கு வருவோம். உப்பில் உள்ள சோடியம் முதலில் கசப்பை அடக்குகிறது. 1997இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கசப்புப் பொருளையும் சர்க்கரையையும் கலந்து ஆட்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார்கள். அதில் சோடியத்தைச் சேர்த்ததும் கசப்பு குறைந்தது, அதுவரை கசப்புக்கு அடியில் கிடந்த இனிப்பு மேலே வந்தது. பேரீச்சையின் தோலில் லேசான துவர்ப்பும் கசப்பும் உண்டு, நாம் அதைக் கவனிப்பதில்லை.

ஆனால் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது இரண்டாவது வழியைச் சொல்லத்தான். அதற்குக் கமலையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சாயல்குடிப் பக்கம் என் தாத்தாவின் தோட்டத்தில் கமலைக் கிணறு இருந்தது. இரண்டு மாடுகள், ஒரு சால். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் மாடுகள் இறங்கும். அவை இறங்க இறங்க, வடத்தில் கட்டிய சால் தண்ணீரோடு மேலே ஏறும். தண்ணீர் தானாக மேலே வராது. மாடு பள்ளத்தில் இறங்குகிற இழுப்பில்தான் வருகிறது. சால் கொட்டியதும் மாடுகளைப் பின்னாலேயே நடக்கவைத்து மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே நிற்கிற மாடு இருந்தால்தான் அடுத்த சால்.

நம் சிறுகுடல் சுவரில் இருக்கும் செல்களின் சவ்வில் அச்சு அசலாக இப்படியொரு கமலை ஓடுகிறது. அது ஒரு புரதம். குளுக்கோஸ்தான் சால். மாடுகள் சோடியம் அயனிகள். கணக்குகூட மாறவில்லை: இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ். செல்லுக்கு வெளியே சோடியம் செறிவாக இருக்கிறது, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் சோடியத்துக்கு உள்ளே போவது சரிவில் இறங்குவது மாதிரி. புரதத்தின் வெளிவாயில் இரண்டு சோடியம் வந்து பூட்டப்பட்டதும் குளுக்கோஸுக்கான இடம் சரியாக அமைகிறது. குளுக்கோஸ் உட்கார்ந்ததும் புரதம் அப்படியே புரண்டு உள்பக்கம் திறந்துகொள்கிறது. சோடியம் சரிகிற இழுப்பில், உள்ளே ஏற்கெனவே குளுக்கோஸ் நிறைய இருந்தாலும், இன்னொன்று ஏறி உள்ளே வந்துவிடுகிறது.

இறங்கிய மாடுகளை மேட்டுக்குக் கொண்டுவருவது யார்? செல்லின் மறுபக்கச் சுவரில் இருக்கும் சோடியம் பம்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். கமலையில் ஆள் வியர்வை சிந்துவது எங்கே என்றால் இங்கேதான். செல் தன் ஆற்றலைச் செலவழிக்கிற இடம் இந்தப் பம்பு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டுபிடித்தார், 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இப்போது பேரீச்சைக்குத் திரும்பலாம். 2011இல் எலிகளின் நாக்கில் இனிப்பை உணரும் செல்களுக்குள்ளேயே இதே கமலைப் புரதம் இருப்பதைக் கண்டார்கள். குடலில் உணவை உறிஞ்சுகிற கருவி நாக்கில் சுவை பார்க்கிறது! 2020இல் அடுத்த சோதனை வந்தது. எலியின் நாக்கில் குளுக்கோஸோடு மிகச் சிறிதளவு உப்பைச் சேர்த்ததும், நாக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் துடிப்பு கூடியது. ஆப்பிள் மரப்பட்டையில் கிடைக்கும் ஃப்ளோரிசின் என்ற பொருள் இந்தப் புரதத்தை அடைத்துவிடும். அதைத் தடவியதும் அந்தக் கூடுதல் துடிப்பு அடங்கிவிட்டது. செயற்கை இனிப்புகளோடு உப்பைச் சேர்த்தபோது எந்தக் கூடுதலும் இல்லை. இருக்காதுதானே, சாலே இல்லாமல் மாடு எதை இழுக்கும்?

ஆக, உங்கள் தட்டில் நடப்பது இதுதான். நன்றாகப் பழுத்த பேரீச்சையின் சர்க்கரையில் பெரும்பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்தே கிடக்கிறது. குளுக்கோஸ் தயாராக இருக்கிறது, உப்புக்கண்டம் சோடியத்தைக் கொடுக்கிறது. வழக்கமான இனிப்பு ஏற்பி ஒரு பக்கம் வேலை செய்ய, கமலை வழியாக இன்னொரு இனிப்புச் செய்தியும் கிளம்புகிறது. சீனி போடாமலே இனிப்பு கூடுகிறது.

இந்தப் புரதத்தின் கதை சமையல்கட்டோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அவர் வேலை செய்தது ஹாம்ஸ்டர் என்ற சின்னக் கொறிவிலங்கின் குடலில். அதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கமலை நிற்பதில்லை. உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசு. ஒரு லிட்டரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும்படி அதை அளந்திருக்கிறார்கள்.

ஹாம்ஸ்டர் குடலை ஆராயப் பணம் கேட்டு இன்று ஒரு இளம் ஆய்வாளர் விண்ணப்பித்தால், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். 1960இல் கிரேனுக்கே அதற்குப் பதில் தெரிந்திருக்காது. பதில் தெரியாத கேள்விகளுக்கும் அரசு பணம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதைவிட அதிகம் எரிவது வேறொன்றுக்கு. என் அப்பாவுக்கு முன்னால் பிறந்த ஒரு அத்தை மூன்று வயதில் வாந்திபேதியில் இறந்துபோனார். "போற பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று வாயை நனைக்கவும் விடவில்லை. அம்மன் கோபம் என்று வேப்பிலை கட்டினார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தெரியாது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி, பேதியாகிற பேரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தடுத்துக்கொண்டிருந்தார். நான் சண்டை போட்டுத்தான் கொடுக்க வைத்தேன். தயவுசெய்து கொடுங்கள். பொட்டலம் இல்லாத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

சகோதரியின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. இரண்டாம் நாள் செய்தபோது இனிப்பே தெரியாமல் உப்புதான் முன்னால் வந்ததாம். உப்பு கொஞ்சமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கெல்லாம் நடக்கும். மிஞ்சினால் உப்புச் சுவையே இனிப்பை அமுக்கிவிடும். கறியை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வதக்குங்கள். பழம் பெரியதாக இருந்தால் சுண்டுவிரல் நுனியளவு கறி போதும்.