தவணை தவறாத கடனுக்கும் வங்கி ஏன் கவலைப்படுகிறது?

ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுகிறவரின் கடனை வங்கி ஏன் ‘இரண்டாம் நிலை’யில் வைக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

வாராக்கடன் என்றதும் 90 நாள் கணக்குதான் நினைவுக்கு வரும். பல நாடுகளில் தவணை அதைத் தாண்டி நின்றால் கடன் வாராக்கடன். அப்புறம் தரம் குறைந்தது, சந்தேகத்துக்குரியது, நட்டம் என்று படிப்படியாக இறங்கும். இதற்கு நாட்காட்டியே பெரும்பாலும் போதும். ஆனால் கடன் கெட்டுப்போன பிறகுதான் நட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறார்கள் என்ற குறை 2008 நெருக்கடியில் பளிச்சென்று தெரிந்தது. அதன் விளைவாக வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற கணக்கியல் தரநிலை 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்த நாளிலிருந்தே நட்டத்தை எதிர்பார்த்து ஒதுக்கச் சொல்கிறது அது.

கணக்கு சுலபம்: கடன் வராமல் போகும் வாய்ப்பு, போனால் மீளாத பங்கு, அப்போதைய நிலுவை. மூன்றையும் பெருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். இரண்டு பேர் ஆளுக்கு 1,00,000 வாங்கியிருக்கிறார்கள். போனால் 40 சதவீதம் மீளாது. முதலாமவர் வாங்கியபோது ஓராண்டுக்குள் கடன் வராமல் போகும் வாய்ப்பு 1 சதவீதம். இன்று தொழில் நலிந்து 4. இரண்டாமவருக்கு அன்றும் 5, இன்றும் 5. யாருக்கு அதிகம் ஒதுக்க வேண்டும்? முதலாமவருக்கு! இரண்டாமவரின் 5 சதவீதத்துக்கு ஏற்ற வட்டியை வங்கி ஆரம்பத்திலேயே போட்டுவிட்டது. அதனால் அவர் கடன் முதல் நிலையிலேயே இருக்கிறது, அங்கே ஓராண்டு நட்டம் மட்டும் ஒதுக்கினால் போதும், 2,000. முதலாமவரின் வட்டியோ 1 சதவீதத்தை நம்பிப் போட்டது. அபாயம் கணிசமாகக் கூடியதால் அவர் இரண்டாம் நிலைக்குப் போகிறார். மிச்சமுள்ள காலம் முழுவதற்குமான நட்டத்தை ஒதுக்க வேண்டும். கடன் முடிய இன்னும் ஐந்து ஆண்டு, அசல் கடைசியில் என்றால், ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்ந்து 18.5 ஆகிறது (ஓர் ஆண்டைத் தாண்டி வந்தால்தான் அடுத்த ஆண்டின் 4 என்பதால் 20 அல்ல). ஒதுக்கீடு சுமார் 7,400. அபாயத்தின் உயரத்தைவிட அது ஏறிய தூரம் முக்கியம் என்பது எவ்வளவு அழகான யோசனை!

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து இந்த ஏற்றத்தை மறைப்பதை நான் மோசடி என்றே சொல்வேன். அந்தப் பணம் வைப்பாளர்களுடையது.

சரி, முதலாமவரின் தொழில் தேறினால்? கடன் முதல் நிலைக்குத் திரும்பும், கூடுதலாக ஒதுக்கியது லாபக் கணக்கில் மீண்டும் சேரும்.